வான்கூவரில் ஒரு தெரு

 

கனடா நாட்டின் மேற்குக் கரையில், பசிபிக் பெருங்கடலின் ஓரத்தில் அமைந்த வான்கூவர் நகரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். வடக்கே பனி மூடிய மலைகள். ஊருக்குள்ளேயே புகுந்து கிடக்கும் கடல். வானளாவும் கண்ணாடி மாளிகைகள். வாழ்வதற்கு உகந்த நகரங்கள் எவையெனப் பட்டியலிடுவோர், முன்வரிசையில் வைக்கத் தவறாத ஊர்களில் இதுவும் ஒன்று. உறவினர் ஒருவரின் அழைப்பை ஏற்று அந்நகரில் சில நாள்கள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. கடலோரத்து ஸ்டான்லி பூங்காவைப் பற்றியும், கேஸ்டவுன் பகுதியில் ஆவியைக் கக்கி மணி சொல்லும் கடிகாரத்தைப் பற்றியும் எழுதுவோர் பலர் உளர். நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்புவது வேறோர் இடத்திற்கு.

அந்தக் கடிகாரத்திலிருந்து கிழக்கு நோக்கிக் கால்மணி நேரம் நடந்தால் போதும். கடைகளின் பளபளப்பு மறைந்துவிடும். ஹேஸ்டிங்ஸ் என்பது தெருவின் பெயர். அதை மெயின் தெரு குறுக்கே வெட்டும் முனையைச் சுற்றியுள்ள பகுதியை ‘டவுன்டவுன் ஈஸ்ட்சைட்’ என்கின்றனர். நடைபாதையின் இருமருங்கிலும் மனிதர்கள் அமர்ந்திருக்கிறார்கள், படுத்திருக்கிறார்கள். சிலர் நின்றவாறே இடுப்புவரை மடிந்து, தலை முழங்காலைத் தொடும் நிலையில் அசைவற்று உறங்குகிறார்கள். முதன்முறை காண்போருக்கு நெஞ்சு திடுக்கிடும். அவர்களைக் கடந்து செல்வோரோ பழகிய காட்சியைப் பார்ப்பதுபோல் சென்றுகொண்டிருக்கிறார்கள்.

இத்தெருவை மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்துவிடுவது எளிது. ஆனால், நேயர்களே, கனடாவின் அரசுகளை அசைய வைத்த ஓர் இயக்கம் இங்கிருந்துதான் எழுந்தது. அதை எழுப்பியவர்கள் பெரும் படிப்பாளிகளோ செல்வர்களோ அல்லர். ஆகவே சற்று நின்று, இவ்விடத்தின் வரலாற்றைக் கேட்டுச் செல்வோம்.

அபினிச் சட்டம் பிறந்த ஊர்

மெயின், ஹேஸ்டிங்ஸ் தெருக்கள் சந்திக்கும் முனையில் கல்லால் கட்டப்பட்ட பழைய கட்டடம் ஒன்று இருக்கிறது. 1903-ஆம் ஆண்டு ஆண்ட்ரூ கார்னகி என்ற அமெரிக்கச் செல்வரின் கொடையால் நூலகமாக எழுந்தது. 1980 முதல் இவ்வட்டாரத்து மக்களின் சமூகக் கூடமாக விளங்குகிறது. ஏழை ஒருவர் அங்கே நூல் படிக்கலாம், குறைந்த விலையில் உணவருந்தலாம், குளிருக்கு ஒதுங்கலாம். தெருவின் மற்றப் பக்கங்களில் நிற்கும் பழைய விடுதிகள், மரம் வெட்டவும் சுரங்கம் தோண்டவும் வந்த தொழிலாளர்கள் தங்குவதற்காக எழுந்தவை. ஒற்றை அறை, பொதுக் குளியலறை என்ற அமைப்பு. அந்த அறைகள்தாம் இன்று வறியவர்களின் கடைசிப் புகலிடம்.

அருகிலேயே சீனர் குடியிருப்பு. 1907-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆசியர்களுக்கு எதிரான கலவரம் ஒன்று இங்கே மூண்டது. சீனர், ஜப்பானியர் கடைகள் நொறுக்கப்பட்டன. இழப்பீட்டைக் கணக்கிட அரசு அனுப்பிய அதிகாரி மெக்கன்சி கிங் என்பவர். பின்னாளில் கனடாவின் பிரதமரானவர். இழப்பீடு கேட்டு வந்தவர்களுள் அபினி காய்ச்சும் தொழிலகம் வைத்திருந்தோரும் இருந்தனர்! அந்நாளில் அது சட்டத்திற்கு உட்பட்ட வணிகம். வியப்புற்ற அவர் அரசுக்கு அறிக்கை எழுதினார். 1908-இல் கனடாவின் முதல் அபினித் தடைச் சட்டம் பிறந்தது. அன்று தொட்டு, போதைக்கு அடிமையானவரை ஆள்வோர் பார்த்த பார்வை காவல் நிலையத்தின் பார்வையாகவே இருந்து வந்தது.

எழுபது, எண்பது ஆண்டுகள் கடந்தன. 1990-களின் தொடக்கத்தில் வீரியம் மிகுந்த ஹெராயின் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. 1993-இல் மட்டும் இந்நகரை உள்ளடக்கிய பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 300-க்கும் மேற்பட்டோர் போதையின் அளவு மிஞ்சி மாண்டனர். மாகாணத்தின் தலைமை மரண விசாரணை அதிகாரி வின்ஸ் கெய்ன் இவ்விறப்புகளை ஆராய்ந்து அறிக்கை தந்தார். இது காவல் துறையால் மட்டும் தீரும் சிக்கலன்று, உடல்நலச் சிக்கலாகக் கருதிச் சிகிச்சை வாய்ப்புகளைப் பெருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அறிக்கை வந்தது. மரணங்கள் தொடர்ந்தன. ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்ததால் எச்.ஐ.வி. தொற்றும் காட்டுத்தீபோல் பரவிற்று. 1997 செப்டம்பரில் நகரின் சுகாதார வாரியம் பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது.

பூங்காவில் நட்ட ஆயிரம் சிலுவைகள்

ஹேஸ்டிங்ஸ் தெருவிலிருந்து வடக்கே சற்றுத் தொலைவில் ஓப்பன்ஹைமர் பூங்கா உள்ளது. ஒரு காலத்தில் ஜப்பானியக் குடும்பங்கள் வாழ்ந்த வட்டாரம் அது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், அவர்கள் அனைவரும் வீடுகளை இழந்து வெளியேற்றப்பட்டனர். அச்சமூகத்தார் பின்னாளில் நட்ட செர்ரி மரங்கள் பூங்காவில் நிழல் தருகின்றன. அம்மரங்களின் இடையே நின்று 1997 ஜூலை மாதத்தை எண்ணிப் பாருங்கள்.

அந்த மாதத்தில் ஒருநாள், இவ்வட்டாரத்து மக்களும் அவர்களுக்காக உழைத்தவர்களும் மெயின், ஹேஸ்டிங்ஸ் முனையில் போக்குவரத்தை நிறுத்தினர். பின்னர் இப்பூங்காவின் புல்வெளியில் ஆயிரம் மரச் சிலுவைகளை நட்டனர். சிலுவை அந்நாட்டவருக்குக் கல்லறையின் அடையாளம். ஒவ்வொன்றும் அளவு மிஞ்சிய போதையால் இறந்த ஓர் உயிரைக் குறித்தது. செய்தித்தாளில் ஓர் எண்ணாக வந்து மறையும் மரணங்கள், ஒரு பூங்கா நிறைந்து நின்றபோது நகரம் முதன்முறையாகத் திரும்பிப் பார்த்தது.

இம்முயற்சியில் முன்நின்றவர் பட் ஆஸ்பர்ன். கவிஞர். தாமே ஹெராயினுக்கு அடிமையாயிருந்து மீண்டவர். அவரும் ஆன் லிவிங்ஸ்டன் என்ற பெண்மணியும், அதே ஆண்டு அதே பூங்காவில் போதைக்கு அடிமையானவர்களையே கூட்டி உட்கார வைத்துப் பேசத் தொடங்கினர். ‘உங்களுக்கு என்ன தேவை?’ என்று அவர்களிடம் அதற்கு முன்னர் எவரும் கேட்டதில்லை. அக்கூட்டங்களிலிருந்து 1998-இல் ஓர் அமைப்பு உருவாயிற்று. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘வாண்டு’ என்கின்றனர். வான்கூவர் பகுதியில் போதைப் பொருள் பயன்படுத்துவோரின் வலையமைப்பு என்பது பொருள். அலுவலகம் இதே ஹேஸ்டிங்ஸ் தெருவில்தான்.

அவர்கள் செய்தது என்ன? சந்துகளில் சுற்றி வந்து, விழுந்து கிடப்பவர்களுக்கு மூச்சு இருக்கிறதா எனப் பார்த்தனர். சிதறிக் கிடந்த ஊசிகளைப் பொறுக்கினர். முதலுதவி கற்றனர். வாரந்தோறும் கூடி, முறையாகத் தலைவர் வைத்து, தீர்மானம் நிறைவேற்றினர். அத்தீர்மானங்களைச் சுமந்துகொண்டு நகர மன்றத்தின் படியேறினர். சமுதாயம் எவரைக் குப்பையென ஒதுக்கியதோ அவர்களே மனு எழுதி, மேடையேறி, மேயரின் முகத்தைப் பார்த்துப் பேசலாயினர்.

மன்றத்திற்குள் வந்த சவப்பெட்டி

2000-ஆம் ஆண்டில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். இவ்வட்டாரத்தில் போதையாளருக்கான புதிய சேவை நிலையங்கள் எதற்கும் 90 நாள்கள் அனுமதி இல்லை என நகர மன்றம் தடை விதித்தது. வணிகர்களும் அண்டைக் குடியிருப்பாளர்களும் கொடுத்த அழுத்தம் அதற்குக் காரணம். வாண்டு அமைப்பினர் ஒரு சவப்பெட்டியைத் தோள்மீது சுமந்துகொண்டு மன்றக் கூட்டத்திற்குள் நுழைந்தனர். நம் ஊரில் ஜனாஸாவைச் சந்தூக்கில் சுமந்து வீதியில் செல்லும்போது, எதிரே வருவோர் தம் அவசரத்தை மறந்து ஒதுங்கி நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதே மௌனத்தை அவர்கள் ஆட்சியாளர்களின் மேசை முன் கொண்டு வந்து வைத்தனர். 90 நாள்கள் என்று நீங்கள் சொல்லும் காலத்தில் எங்களில் எத்தனை பேர் இருக்கமாட்டோம் என்பதே அவர்கள் கேட்ட கேள்வி.

மேயராக இருந்தவர் பிலிப் ஓவன். செல்வக் குடும்பத்தைச் சேர்ந்தவர், பழமைவாதக் கட்சியினர். போதைக்கு அடிமையானோரிடம் கடுமை காட்ட வேண்டும் என்ற கருத்தோடு பதவிக்கு வந்தவர். ஆனால் அவர் அம்மனிதர்களைச் சந்தித்தார், அவர்கள் சொல்வதைக் கேட்டார், மனம் மாறினார். தடுப்பு, சிகிச்சை, சட்ட நடவடிக்கை, தீங்கு குறைப்பு என்னும் நான்கு தூண்கள் கொண்ட திட்டத்தை 2001-இல் நகர மன்றம் ஏற்றது. அதற்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. 2002-இல் அவருடைய கட்சியே அவரைக் கைவிட்டது. அவர் மீண்டும் போட்டியிடவில்லை. ஆயினும் அத்தேர்தலில் மேயரானவர், முன்னாள் மரண விசாரணை அதிகாரியான லாரி கேம்பெல். எண்ணற்ற சடலங்களைக் கண்டிருந்த அவரும் அத்திட்டத்தையே முன்னெடுத்தார்.

இங்கே இன்னொரு தரப்பாரையும் குறிப்பிட வேண்டும். நகரின் மேற்குப் புறம் செல்வர்கள் வாழும் பகுதி. அங்குள்ள வீடுகளிலும் பிள்ளைகள் ஹெராயினுக்கு இரையாகிக்கொண்டிருந்தனர். வெளியே தெரிந்தால் குடும்ப மானம் போய்விடுமே என்று பெற்றோர் வாய்மூடி இருந்தனர். அவர்களுள் சிலர் துணிந்து ஒன்றுகூடி, துயரத்திலிருந்து செயலுக்கு என்னும் பொருள்படும் பெயரில் ஒரு சங்கம் கண்டனர். ஒரு தாய் எழுந்து, ‘என் மகனும் இப்படித்தான்’ என்று பொதுக்கூட்டத்தில் சொன்னால், அதன்பின் அதை ஏழைகளின் நோய் என்று எவரால் ஒதுக்க இயலும்? தெருவாசிகளும் செல்வ வீட்டுப் பெற்றோரும் ஒரே கோரிக்கையை வைத்தபோது அரசின் கதவு திறந்தது.

139-ஆம் எண் கட்டடம்

கிழக்கு ஹேஸ்டிங்ஸ் தெருவின் 139-ஆம் எண் கட்டடத்தில் 2003 செப்டம்பரில் ‘இன்சைட்’ என்னும் நிலையம் திறக்கப்பட்டது. போதை ஊசி போடுவோர் செவிலியரின் கண்காணிப்பில் போட்டுக்கொள்ளும் இடம். வட அமெரிக்காவில் சட்டப்படி அனுமதி பெற்ற முதல் நிலையம் இதுவே. போதைப் பொருளை அங்கே எவரும் தருவதில்லை. தூய ஊசி தருவார்கள். மூச்சு நின்றால் மீட்பார்கள். விட்டுவிட விரும்புவோருக்குச் சிகிச்சைக்கு வழிகாட்டுவார்கள்.

வாசக நேயர்களே, உங்கள் உள்ளத்தில் எழும் கேள்வியை நான் அறிவேன். மதரஸாவில் பாடம் சொல்பவன் இதையா புகழ்கிறான் என்று கேட்பீர்கள். போதை நமக்கு விலக்கப்பட்டது. அதில் இரு கருத்துக்கு இடமே இல்லை. இந்நிலையம் தீமைக்குத் துணை போகிறது என்று அந்நாட்டிலும் பலர் கூறினர், இன்றும் கூறுகின்றனர். அவர்களுள் நல்லெண்ணம் கொண்டோரும் உளர். சிகிச்சைக்கு இடம் கேட்டுக் காத்திருப்போர் நிறைய, அதற்கன்றோ முதலில் பணம் செலவிட வேண்டும் என்று அவர்கள் கேட்பதில் நியாயமும் உண்டு. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தவ்பாவின் வாசல் உயிரோடு இருப்பவனுக்கே திறந்திருக்கிறது. இன்றிரவு மூச்சு நின்று போனவனை நாளை எந்தச் சிகிச்சை திருத்தும்? அவனை இன்றிரவு காப்பாற்றுவதும், நாளை திருத்த முயல்வதும் ஒன்றுக்கொன்று பகையானவை அல்ல. முன்னது இன்றேல் பின்னது இல்லை.

கணக்குகளும் இதைச் சொல்கின்றன. நிலையத்தைச் சுற்றி 500 மீட்டர் தொலைவுக்குள் அளவு மிஞ்சிய மரணங்கள் 35 விழுக்காடு குறைந்தன, நகரின் ஏனைய பகுதிகளில் 9 விழுக்காடே குறைந்தன என்று 2011-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது. 2003 முதல் 2019 வரை 36 லட்சத்திற்கும் மேற்பட்ட தடவைகள் அங்கே ஊசி போடப்பட்டது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தடவைகள் உயிர் ஊசலாடியது. ஒருவர்கூட அந்நிலையத்திற்குள் இறக்கவில்லை.

எனினும் நாட்டின் மத்திய அரசு மாறியபோது நிலையத்தை மூடும் அபாயம் வந்தது. அதை நடத்திய அமைப்பும், வாண்டுவும், நிலையத்தைப் பயன்படுத்திய இருவரும் வழக்குத் தொடுத்தனர். வழக்கு மாகாண நீதிமன்றங்களைக் கடந்து உச்ச நீதிமன்றம் சென்றது. 2011 செப்டம்பர் 30 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர்: நிலையம் தொடர அனுமதி வழங்க வேண்டும் என்று அமைச்சருக்கு ஆணையிட்டனர். தெருவோரத்தில் படுத்திருந்த மனிதர் ஒருவர் நாட்டின் அரசை எதிர்த்து வழக்காடி வென்றார் என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள்.

புதிய நஞ்சு

கதை இத்துடன் முடிந்திருந்தால் எழுதும் எனக்கும் மகிழ்ச்சியாக இருந்திருக்கும். ஆனால் நஞ்சு மாறியது. ஃபென்டனில் என்பது 1960-ஐ ஒட்டிப் பெல்ஜிய நாட்டில் கண்டுபிடிக்கப்பட்ட வலிநீக்கி. அறுவை சிகிச்சைகளில் இன்றும் பயன்படும் பயனுள்ள மருந்து. மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வலிமை உடையது. அதைக் கள்ளத்தனமாகத் தயாரித்து ஹெராயினில் கலந்து, பின் ஹெராயினுக்குப் பதிலாகவே விற்கத் தொடங்கினர். சில உப்புக் கல் அளவு கூடினாலும் போதும். அபினி வகை மருந்துகள் எல்லாமே மூளையில் மூச்சை இயக்கும் பகுதியை மந்தமாக்குபவை. ஃபென்டனில் அதைச் சில நிமிடங்களில் நிறுத்திவிடும். வாங்குபவனுக்குத் தான் வாங்கியது என்னவென்றே தெரியாது.

மாகாணத்தில் 2012-இல் 300-க்கும் குறைவாக இருந்த ஆண்டு மரணங்கள் 2016-இல் ஏறத்தாழ ஆயிரத்தைத் தொட்டன. அவ்வாண்டு ஏப்ரல் 14 அன்று மாகாணத்தின் தலைமைச் சுகாதார அதிகாரி பெர்ரி கெண்டல் பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தார். அறிவிப்பு வந்தும் புதிய நிலையங்களுக்கு அனுமதி வரவில்லை. விண்ணப்பம், ஆய்வு, ஒப்புதல் என்று மாதங்கள் ஓடின. சந்துகளிலோ மனிதர்கள் விழுந்துகொண்டே இருந்தனர்.

அப்போது ஹேஸ்டிங்ஸ் தெருவில் நடைபாதை வணிகர்களின் சந்தை ஒன்றை நடத்தி வந்த சாரா பிளைத் என்பவர், முன்னர் நாம் கண்ட ஆன் லிவிங்ஸ்டன் முதலியோருடன் சேர்ந்து ஒரு காரியம் செய்தார். 2016 செப்டம்பரில், சந்தையின் பின்புறச் சந்தில், அனுமதி ஏதுமின்றி ஒரு கூடாரம் அடித்தார். ஒரு மேசை, சில நாற்காலிகள், நலாக்சோன் மருந்து, தன்னார்வலர்கள். அவ்வளவே அங்கிருந்தவை. நலாக்சோன் என்பது அபினி வகை மருந்து மூளையில் பற்றியிருக்கும் இடத்திலிருந்து அதை விலக்கி, நின்ற மூச்சை மீட்டுத் தரும் மாற்று மருந்து. அதன் வேலை அரைமணி முதல் ஒன்றரை மணி நேரமே நீடிக்கும். ஆகவே ஆள் எழுந்துவிட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும், கூடவே ஒருவர் இருக்க வேண்டும். அக்கூடாரத்தில் இருந்தோர் அதைத்தான் செய்தனர்.

சட்டப்படி அவர்களைக் கைது செய்திருக்கலாம். ஆனால் கண்ணெதிரே உயிர்கள் மீள்வதைக் கண்ட பின் எவர் கை நீளும்? மூன்று மாதம் கழித்து, 2016 டிசம்பரில், மாகாணச் சுகாதார அமைச்சர் டெர்ரி லேக் இத்தகைய மரணத் தடுப்பு நிலையங்களை அனுமதித்து ஆணை பிறப்பித்தார். கூடாரம் முன்னே சென்றது, சட்டம் பின்னே வந்தது. மறு ஆண்டு மே மாதம் மத்திய அரசு மற்றொரு சட்டம் இயற்றியது. உயிருக்குப் போராடுபவருக்காக அவசர உதவியை அழைப்பவர் மீது, போதைப் பொருளைக் கையில் வைத்திருந்த குற்றத்திற்கு வழக்குத் தொடரலாகாது என்பது அதன் கருத்து. அதுவரை, காவலர் வந்துவிடுவாரே என்ற அச்சத்தால் நண்பனை அப்படியே விட்டுவிட்டு ஓடியவர்கள் எத்தனையோ பேர்.

படங்களைச் சுமக்கும் தாய்மார்கள்

அதே 2016-இல், மகன்களைப் பறிகொடுத்த மூன்று தாய்மார்கள் ஓர் அமைப்பைத் தொடங்கினர். லெஸ்லி மெக்பேன், பெட்ரா ஷுல்ஸ், லார்னா தாமஸ் என்பன அவர்களின் பெயர்கள். ‘மாம்ஸ் ஸ்டாப் த ஹார்ம்’ என்பது அமைப்பின் பெயர். தீங்கைத் தடுக்கும் அன்னையர் என நாம் அதைச் சொல்லலாம். இன்று கனடா முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதில் இணைந்துள்ளன. தம் பிள்ளைகளின் படங்களைப் பெரிதாக்கி ஏந்தி, சட்டமன்றங்களின் முன் நிற்கிறார்கள். உறுப்பினர்களைச் சந்தித்து மனுக் கொடுக்கிறார்கள். ஆகஸ்ட் 31-ஆம் நாளை, போதை மரணங்களை நினைவுகூரும் நாளாக உலகின் பல நாடுகளில் அனுசரிக்கின்றனர். 2001-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் தொடங்கிய வழக்கம் அது. அன்று ஊதா நிற ஆடை அணிந்து இத்தாய்மார்களும் தெருவில் இறங்குகிறார்கள்.

ஒரு பிள்ளை விபத்தில் இறந்தால் தெருவே கூடி அழும். நோயில் இறந்தால் உறவினர் ஆறுதல் சொல்வர். போதையில் இறந்த பிள்ளையின் தாய்க்கு அழும் உரிமைகூட மறுக்கப்படுகிறது. மாரடைப்பு என்று சொல்லி மறைக்கின்றனர். படத்தை ஏந்தி நிற்கும் தாய், என் பிள்ளை வெட்கத்துக்குரியவன் அல்லன் என்று உலகுக்கு அறிவிக்கிறாள். அந்த அறிவிப்புக்கு அரசியல் வலிமையும் உண்டு. மறைக்கப்பட்ட மரணத்திற்காக எந்த அமைச்சரும் பதில் சொல்ல வேண்டியதில்லை அன்றோ!

இன்றைய நிலை

இத்தனை முயற்சிக்குப் பின்னும் நிலைமை என்ன? மறைக்காமல் சொல்ல வேண்டும். மாகாணத்தில் 2023-இல் 2,500-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதுவே உச்சம். 2024-இல் அது ஏறத்தாழ 2,250-ஆகக் குறைந்தது. அவசரநிலை அறிவித்த நாளிலிருந்து 16,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் அம்மாகாணத்தில் மட்டும் போயின. நாடு முழுவதும் 2016 முதல் 50,000-க்கும் மேல். இறந்தோரில் நான்கில் மூவர் ஆண்கள். பெரும்பாலோர் இறந்தது இத்தெருவில் அன்று, நான்கு சுவருக்குள், தனித்திருந்த அறைகளில். அம்மண்ணின் தொல்குடியினர் ஏனையோரைவிடப் பல மடங்கு மிகுதியாக இறந்துள்ளனர்.

அரசின் கொள்கையும் முன்னும் பின்னுமாக அசைகிறது. 2023 ஜனவரி 31 அன்று, வயது வந்தோர் தம் பயன்பாட்டிற்கென 2.5 கிராம் வரை வைத்திருப்பதைக் குற்றமாகக் கருதாத மூன்றாண்டுச் சோதனைத் திட்டம் மாகாணத்தில் தொடங்கியது. பூங்காக்களிலும் தெருக்களிலும் வெளிப்படையாகப் புழங்குகிறார்கள் என்ற மக்களின் முறையீட்டால், 2024 மே மாதத்திலேயே பொது இடங்களுக்கு அது விலக்கப்பட்டது. இத்திட்டம் சரியா தவறா என்பதில் அந்நாட்டு அறிஞர்களே வேறுபடுகின்றனர். நான் அதில் தீர்ப்புச் சொல்ல வரவில்லை.

ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. இம்மாகாணத்தில் அரசு அடியெடுத்து வைத்த ஒவ்வொரு முறையும், அதற்கு முன் சாதாரண மனிதர் எவரோ ஒருவர் ஒரு மரணத்தைப் பொதுமக்களின் கண்முன் கொண்டு வந்து வைத்திருக்கிறார். சிலுவைகளுக்குப் பின் நான்கு தூண் திட்டம். கூடாரத்திற்குப் பின் அமைச்சரின் ஆணை. ஒரு முறை வென்றதோடு ஓய்ந்துவிடவும் அவர்களுக்கு வழியில்லை. நஞ்சு புதிதாக வரும்போதெல்லாம் மீண்டும் எண்ண வேண்டும், மீண்டும் படியேற வேண்டும். முப்பது ஆண்டுகளாக அவர்கள் செய்வது அதுவே.

ஓப்பன்ஹைமர் பூங்காவில், இவ்வட்டாரத்தில் மாண்டவர்களின் நினைவாக, 1998-இல் நிறுத்தப்பட்ட தொல்குடியினரின் செதுக்கு மரத்தூண் ஒன்று நிற்கிறது. அதனருகே சென்றால், கீழே யாரேனும் மலர் வைத்திருப்பதைக் காணலாம். அம்மலருக்குரியவர் எந்த வீட்டின் பிள்ளையோ!

என் அருமைத் தாய்மார்களே, தந்தையரே! உங்களுள் எவருடைய இல்லத்திலேனும் இத்தகைய துயரம் நுழைந்திருந்தால், அறைக் கதவைச் சாத்தி மறைக்காதீர்கள். நம்பத்தக்க மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒருவர் எழுப்பியும் எழாமல், மூச்சு மிக மெதுவாகி, உதடும் நகமும் நீலம் பாய்ந்து, தொண்டையில் குறட்டை போன்ற ஒலி எழுந்தால் அது உறக்கமன்று. தூங்கி எழட்டும் என்று விட்டுவிடாதீர்கள். உடனே ஆம்புலன்சை அழையுங்கள். அவர் அருகிலேயே இருங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஊரார் என்ன சொல்வார்கள் என்ற எண்ணத்திற்கு அந்த நேரத்தில் இடம் கொடுக்காதீர்கள். நம் பகுதியில் இப்படி மரணங்கள் நிகழ்ந்தால், எத்தனை என்று எண்ணுங்கள், அதிகாரிகளிடம் கேளுங்கள்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளையும், அந்தத் தெருவில் மடிந்து நிற்கும் பிள்ளைகளையும் காத்தருள்வானாக.